இறக்கத்துக்கென்று ஒரு பிரேக்

எங்கள் மோட்டார்ஹோம் 1996-இல் செய்த வண்டி. 36 அடி நீளம், ஃபிரெயிட்லைனர் சேசிஸ், பின்பக்கம் கம்மின்ஸ் 5.9 லிட்டர் டீசல் எஞ்சின், 230 குதிரைத் திறன், ஆறு கியர் அலிசன் எம்டி3060 ஆட்டோமேட்டிக், ஏர் பிரேக். தண்ணீர், டீசல், சாமான்கள், நாங்கள் நாலு பேர் எல்லாம் ஏறினால் பத்தரை டன் வரும். ஒரேகானில் போர்ட்லாந்துக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். கோடையில் இரண்டு மூன்று வாரம் இந்த வண்டிதான் எங்களுக்கு வீடு. ஏற்றத்தில் வண்டி திணறும். வலது லேனில் லாரிகளோடு லாரியாக 35 மைல் வேகத்தில் ஏறிவிடுவோம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இறக்கத்தில் என்ன நடக்கும் என்று யோசிக்காமலே முதல் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். இப்போது நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. பிறகு இறக்கத்துக்கென்றே எக்ஸாஸ்ட் பிரேக் என்ற ஒன்றைப் பொருத்திய கதை இது.

கலிபோர்னியாவிலிருந்து வடக்கே வரும்போது, ஐ-5 நெடுஞ்சாலை ஒரேகானுக்குள் நுழைந்ததும் சிஸ்கியூ உச்சி வரும். உயரம் 4,310 அடி. ஐ-5 முழுவதிலும் இதுதான் மிக உயரமான இடம். அங்கிருந்து ஆஷ்லாண்டு ஊருக்கு ஏழு மைல் இறக்கம், சரிவு 6 சதவீதம். ஷாஸ்டா மலைப் பக்கம் நாலு நாள் தங்கிவிட்டு ஒரு செப்டம்பர் மதியம் அதில் இறங்கினேன். காரில் இறங்குவது போலவே இறங்கினேன் என்பதுதான் தப்பு. கியர் பெட்டி தன் பாட்டுக்கு மேல் கியரில் இருந்தது. நான் பிரேக்கை லேசாக, விடாமல் மிதித்துக்கொண்டே வந்தேன். பாதி வழியில் என் மனைவி, "ஏங்க, என்னமோ தீயற வாசனை வருது, அடுப்ப மூடினீங்களா?" என்றாள். அடுப்பெல்லாம் இல்லை. அடுத்த வளைவில் பெடலை முன்னைவிட ஆழமாக மிதிக்க வேண்டியிருந்தது. வண்டி குறைந்தது, ஆனால் நான் கேட்ட அளவுக்குக் குறையவில்லை. ஓரத்தில் "ரன்அவே டிரக் ரேம்ப்" என்ற பலகை, பிரேக் கைவிட்ட லாரி ஒதுங்கி நிற்கும் பாதைக்கானது. அத்தனை வருடம் அந்தப் பலகை லாரிக்காரர்களுக்கு என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருவழியாகக் கீழே வந்து, எக்ஸிட் எடுத்து, சமதளத்தில் நிறுத்தினேன். பின்சக்கரம் இரண்டிலிருந்தும் நீலமாகப் புகை. பழக்கத்தில் பார்க்கிங் பிரேக் குமிழை இழுத்துவிட்டேன். பக்கத்தில் நின்றிருந்த லாரியின் டிரைவர் ஓடிவந்து, அதை விடுவி, முதலில் சக்கரத்துக்குக் கட்டை வை என்றார். கொதிக்கிற பிரேக் டிரம்மில் பார்க்கிங் பிரேக்கை இறுக்கினால் பிரேக்கே கெட்டுப்போகும் என்று அவர் சொல்லித்தான் தெரியும். தண்ணீர் ஊற்றவும் விடவில்லை. சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு விரிசல் விடும். ஒன்றரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். மகள் பின்சீட்டை விட்டு இறங்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன். பத்தரை டன் வண்டி, ஏழு மைல், 6 சதவீதம்: கிட்டத்தட்ட 680 மீட்டர் உயரம் இறங்கியிருக்கிறது. அந்த உயரத்தில் இருந்த ஆற்றல் எங்காவது போயாக வேண்டும். 40 மைல் வேகத்தில் இறங்கினால் எதிர்க்காற்றும் டயரும் ஏறக்குறையக் கால்வாசியை வாங்கிக்கொள்ளும். மீதி முழுவதும் பிரேக்கில் சூடாகிறது. எவ்வளவு சூடு? 150 லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைக்கிற அளவு. கல்யாண வீட்டுப் பெரிய அண்டா ஒன்றைப் பத்தே நிமிடத்தில் நாலு டிரம்மை வைத்துக் கொதிக்க வைத்திருக்கிறேன். டிரம் சூடானால் விரியும்; விரிந்தால் பிரேக் ஷூ அதைத் தொட இன்னும் அதிக தூரம் போக வேண்டும்; பெடலை ஆழமாக மிதிக்க வேண்டியிருந்ததன் அர்த்தம் அதுதான். குதிரைத் திறனில் சொன்னால் அந்தப் பத்து நிமிடமும் யாராவது தொடர்ந்து 110 குதிரைத் திறனை உறிஞ்சிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலையைப் பிரேக்கின் தலையில் கட்டக் கூடாது. எஞ்சினின் தலையில்தான் கட்ட வேண்டும்.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டால் காற்று வழித் தகடான த்ராட்டில் மூடிக்கொண்டு எஞ்சின் காற்றுக்குத் திணறும், வண்டியைப் பிடித்து இழுக்கும். டீசலில் அந்தத் த்ராட்டில் கிடையாது. காலை எடுத்தால் டீசல்தான் நிற்கும். காற்று தாராளமாக உள்ளே வந்து தாராளமாக வெளியே போகும். அதனால் கியரைக் குறைத்தாலும் டீசல் எஞ்சின் தானாகப் பெரிதாகப் பிடிப்பதில்லை. எக்ஸாஸ்ட் பிரேக் என்பது டர்போவுக்குப் பின்னால், சைலன்சர் குழாயில் வைக்கும் ஒரு வட்டத் தகடு. அது மூடினால் புகை வெளியேற வழியில்லாமல் உள்ளே அழுத்தம் ஏறும். ஒவ்வொரு பிஸ்டனும் அந்த அழுத்தத்துக்கு எதிராக மேலே தள்ள வேண்டும். அந்த உழைப்புக்கான விலையைச் சக்கரம் கொடுக்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

இது லாரிக்காரர்களின் பழைய தலைவலி. கம்மின்ஸ் கம்பெனியைத் தொடங்கிய கிளெஸ்ஸி கம்மின்ஸ் 1931-இல் டீசல் லாரியில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்தபோது, கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் பிரேக் கைவிட்டு, கீழே போய்க்கொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதாமல் மயிரிழையில் தப்பியிருக்கிறார். அதை மறக்காமல் பிற்காலத்தில் எஞ்சின் வால்வுகளை வைத்தே வேலை செய்யும் ஒரு பிரேக்கை உருவாக்கினார். ஜேக்கப்ஸ் கம்பெனி அதை 1961-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. "ஜேக் பிரேக்" என்று லாரிகள் படபடவென்று சத்தம் போடுகிறதே, அது இது. ஊருக்குள் சைலன்சர் இல்லாமல் அதைப் போடக் கூடாது என்று ஒரேகான் சாலைகளில் பலகையே உண்டு. எங்களுடையது போன்ற 12 வால்வு 5.9 எஞ்சினுக்கு ஜேக் ஒத்துவராது, எக்ஸாஸ்ட் பிரேக்தான் வழி. சத்தமும் குறைவு; உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு சீறல் மாதிரி கேட்கும்.

சரி, ஒரு பட்டறையில் கொடுத்துப் பொருத்திவிடலாம் என்று போனேன். ஒரே நாளில் முடித்துக் கொடுத்தார்கள். தகடு, அதை இயக்கும் ஏர் சிலிண்டர், டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். 1,900 டாலர். அடுத்த வாரமே ஒரு மலைப்பாதையில் சோதித்துப் பார்த்தேன். சுவிட்சைப் போட்டுக் காலை எடுத்தேன். கிட்டத்தட்ட ஒன்றுமே நடக்கவில்லை. வண்டி ஆறாம் கியரில், எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றில் சாவகாசமாகப் போய்க்கொண்டிருந்தது. கியர் பொத்தான்களில் உள்ள கீழ்நோக்கிய அம்பை நானே அழுத்திக் கியரைக் குறைத்தபோது பிடித்தது. ஆனால் பின்பக்கம் படுக்கையறையிலிருந்து டிக் டிக் டிக் என்று உலோகம் உலோகத்தில் அடிக்கும் சத்தம். பட்டறையில் கேட்டால், பழைய எஞ்சின் அப்படித்தான் இருக்கும் என்றார்கள்.

அப்படி இருக்கக் கூடாது. அந்தச் சத்தம் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் யூஜீன் பக்கம் ஒரு முகாமில் பக்கத்து இடத்தில் தங்கியிருந்த பெரியவர். நாற்பது வருடம் டீசல் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சினை ஓடவிட்டுக் கேட்டார். சுவிட்சைப் போட்டுக் கேட்டார். எஞ்சினின் புகையெல்லாம் வந்து சேரும் குழாயான மேனிஃபோல்டில் ஒரு அழுத்தமானியைச் செருகிப் பார்த்துவிட்டு, வால்வு ஸ்பிரிங்கை யாராவது மாற்றினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். தலையை ஆட்டினார்.

விஷயம் இது. எக்ஸாஸ்ட் பிரேக் மூடியிருக்கும்போது ஆறு சிலிண்டருக்கும் பொதுவான மேனிஃபோல்டில் 60 பிஎஸ்ஐ வரை அழுத்தம் நிற்கும்; கார் டயரில் இருப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த நேரத்தில் ஏதோ ஒரு சிலிண்டர் காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும். அதன் எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்க வேண்டும். ஆனால் வெளியே நிற்கிற அழுத்தம் வால்வின் முதுகைப் பிடித்துத் தள்ளுகிறது. ஸ்பிரிங் பலவீனமாக இருந்தால் வால்வு திறந்துகொண்டு, திரும்பவும் சீட்டில் போய் அறையும். நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை. அந்த அறைதான் டிக் டிக். அந்த 12 வால்வு எஞ்சினில் கம்பெனியில் போட்டு வந்த ஸ்பிரிங்குகள் 60 பிஎஸ்ஐக்கானவை இல்லை. அதற்கென்றே கனமான ஸ்பிரிங் செட் தனியாகக் கிடைக்கிறது; கேட்டால் "60 பவுண்டு ஸ்பிரிங்" என்பார்கள். பின்னால் வந்த 24 வால்வு எஞ்சின்காரர்களுக்கு இந்த வேலை இல்லை. 12 வால்வுக்காரர்கள் ஸ்பிரிங் மாற்றாமல் முழு அழுத்தத்தில் எக்ஸாஸ்ட் பிரேக் போடவே கூடாது. மாற்ற முடியாது என்றால் தகட்டில் உள்ள துளையைப் பெரிதாக்கி அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளலாம். பிடிப்பும் அந்த அளவுக்குக் குறையும்.

ஸ்பிரிங் மாற்றுவதற்கு எஞ்சின் ஹெட்டைக் கழற்ற வேண்டியதில்லை என்றதும்தான் எனக்கு மூச்சு வந்தது. பெரியவர் மேற்பார்வையில் நானே செய்தேன். பின் எஞ்சின் மோட்டார்ஹோமில் எஞ்சின் இருப்பது படுக்கையறைக் கட்டிலுக்கு அடியில். மெத்தையைச் சாய்த்து நிறுத்தி, பிளைவுட் மூடியைக் கழற்றினால் ஆறு வால்வு மூடிகளும் வரிசையாகத் தெரியும். இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு ஒரு தனி மூடி, ஒவ்வொன்றுக்கும் ஒரே போல்ட். படுக்கையறைத் தரையில் பழைய போர்வையை விரித்து, மனைவியின் தலையணைகளை எல்லாம் முன்பக்கம் கடத்திவிட்டு, கட்டில் சட்டத்தில் முழங்காலை ஊன்றிக் குனிந்து இரண்டு நாள் வேலை.

முறை இப்படி. வேலை செய்கிற சிலிண்டரின் பிஸ்டன் சரியாக மேல் உச்சியில், அதாவது டிடிசியில் இருக்க வேண்டும். அப்போதுதான் ஸ்பிரிங்கை எடுத்தபின் வால்வு நழுவினாலும் பிஸ்டன் தலையில் உட்காரும், உள்ளே விழாது. 1-உம் 6-உம் ஒரே நேரத்தில் உச்சிக்கு வரும், 2-உம் 5-உம், 3-உம் 4-உம். ஆக மூன்று முறை எஞ்சினைக் கையால் திருப்பினால் போதும். ஃபிளைவீல் பக்கம் செருகித் திருப்புகிற பார் ஒன்று விற்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். வால்வை அழுத்தும் ராக்கரை எடுத்து, ஸ்பிரிங் கம்ப்ரெஸரால் அழுத்தி, வால்வு தண்டைப் பிடித்திருக்கும் இரண்டு லாக்குகளைக் காந்தக் குச்சியால் எடுக்க வேண்டும். லாக் என்பது ஒரு சின்ன அரைவட்டத் துண்டு, எண்ணெயில் வழுக்கும். ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு இறங்குகிற துளைகளைத் துணியால் அடைத்த பிறகுதான் பெரியவர் என்னை எதையும் தொடவிட்டார். மூன்றாவது சிலிண்டரில் ஒரு லாக் என் விரலில் இருந்து தெறித்து நேராக அந்தத் துளையில் போய் விழுந்தது. துணி பிடித்துக்கொண்டது. துணி இல்லையென்றால் அது எண்ணெய்த் தொட்டிக்குப் போயிருக்கும், நான் வண்டிக்கு அடியில் இன்னும் இரண்டு நாள் படுத்திருப்பேன்.

புது ஸ்பிரிங் கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. பழையதை அழுத்திய அதே கம்ப்ரெஸரை இதற்கு முக்கித் திருக வேண்டியிருந்தது. மாட்டி முடித்ததும் வால்வு இடைவெளியைச் சரிபார்க்க வேண்டும்: உள்வால்வுக்கு 0.010 அங்குலம், எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.020 அங்குலம், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது. எஞ்சினைத் திறந்ததுதான் திறந்தோம் என்று மேனிஃபோல்டு கேஸ்கட்டுகளையும் பார்த்தோம். ஒன்றின் ஓரத்தில் கரி கசிந்த கோடு. சாதாரண ஓட்டத்தில் தெரியாத கசிவெல்லாம் 60 பிஎஸ்ஐயில் வெளியே வந்துவிடும். அதிலும் இந்த எஞ்சின் எங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. கேஸ்கட்டை மாற்றி, படுக்கையறையில் கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் தேதியையும் பார்த்துப் புதிதாக ஒன்று வைத்தோம்.

அப்புறம் கியர் பெட்டி. எனக்குத் தெரிந்து இதில்தான் நிறையப் பேர் பணத்தை இழக்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டர் இருக்கிறது. அது எண்ணெய் வழியாகத்தான் விசையைக் கடத்தும். எஞ்சின் பிடித்தாலும் அது வழுக்கிவிட்டுவிடும், வழுக்குகிற சூடு கியர் எண்ணெயில் ஏறும். எக்ஸாஸ்ட் பிரேக் உருப்படியாக வேலை செய்ய வேண்டுமானால் கன்வெர்ட்டருக்குள் அதை வழுக்காமல் பூட்டும் லாக்-அப் கிளட்ச் இருக்க வேண்டும், பிரேக் பிடிக்கிற நேரத்தில் அது பூட்டியிருக்க வேண்டும். சியாட்டில் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர், எங்கள் கோயம்புத்தூர்க்காரர், தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செய்த டீசல் வண்டி ஒன்றை வைத்திருக்கிறார். என் கதையைக் கேட்டுவிட்டு, "அண்ணா, எனக்கும் அதே கிட் ஒண்ணு ஆர்டர் பண்ணிடட்டுமா?" என்று போன் செய்தார். முதலில் கியர் பெட்டியின் தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அலிசன் ஏடி545. அதில் லாக்-அப்பே கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பணத்தில் பிரேக் ஷூவும் டிரம்மும் புதிதாகப் போட்டு, இறக்கங்களை முதல் கியர், இரண்டாம் கியரில் பொறுமையாக இறங்கச் சொன்னேன். எம்டி643 என்றால் நாலு கியர்தான், ஆனால் லாக்-அப் உண்டு, செய்யலாம். எம்டி3060 இதற்கு மிகவும் ஏற்றது. ஆனால் கியர் பெட்டியின் கம்ப்யூட்டருக்கு, இப்போது எக்ஸாஸ்ட் பிரேக் வேண்டும் என்று சொல்ல ஒரு வயர் போக வேண்டும்.

அந்த வயரைத்தான் முதல் பட்டறை விட்டுவிட்டது. டாஷ்போர்டு சுவிட்ச், அதற்குப் பிறகு டீசல் பம்ப்பின் நெம்புகோலில் ஒரு மைக்ரோ சுவிட்ச் (கால் ஆக்சிலரேட்டரில் இருந்தால் பிரேக் மூடவே கூடாது), அங்கிருந்து கியர் கம்ப்யூட்டருக்கு ஒரு சிக்னல். கம்ப்யூட்டர் லாக்-அப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சம்மதம் கொடுக்கும். அந்தச் சம்மதம் ஒரு ரிலே வழியாகத் தகட்டை மூடும் சொலினாய்டுக்கு, அதாவது மின்சாரத்தில் திறக்கும் காற்று வால்வுக்கு, வரும். லாக்-அப் விட்டுப்போனால் பிரேக்கும் தானாக விட்டுவிடும். இந்த வேலையை அலிசன் வேலை தெரிந்த இடத்தில்தான் கொடுக்க வேண்டும், ஏனென்றால் கம்ப்யூட்டருக்குள்ளும் அந்த வசதியைத் திறந்துவிட வேண்டியிருக்கும். எங்களுக்குத் திறந்துவிட்டபோது நாலாம் கியரைக் குறியாக வைத்தார்கள். அதாவது சுவிட்ச் போட்டிருக்கும்போது காலை எடுத்தால், வேகம் அனுமதிக்க அனுமதிக்க ஆறு, ஐந்து, நாலு என்று தானே இறங்கிவரும். அதற்குக் கீழே வேண்டுமென்றால் நான் அம்பை அழுத்த வேண்டும்.

காற்று எடுக்கிற இடத்தையும் மாற்றினோம். முதல் பட்டறை நேராக ஒரு பிரேக் டாங்கியிலிருந்தே குழாய் இழுத்திருந்தது. அந்த மெல்லிய குழாய் சூட்டில் உருகினால் வண்டியின் பிரேக் காற்று வெளியே போகும். நடுவில் ஒரு பிரஷர் புரொடெக்ஷன் வால்வு வைத்தால், அழுத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் அது மூடிக்கொண்டு பிரேக்குக்கான காற்றைக் காப்பாற்றும். சின்ன வால்வுதான், நானாக இருந்தால் இது இல்லாமல் யாரையும் மலைக்குப் போக விடமாட்டேன். ஹைட்ராலிக் பிரேக் உள்ள மோட்டார்ஹோம்களில் காற்றே இருக்காது. அவற்றுக்குச் சின்ன மின் கம்ப்ரெஸரோ வேக்குவமோ வைத்து இயக்குகிற மாடல்கள் இருக்கின்றன.

அடுத்த கோடையில் யெல்லோஸ்டோன் போய்விட்டு ஐ-84 வழியாகத் திரும்பினோம். கிழக்கு ஒரேகானில் பெண்டில்டன் ஊருக்கு முன்னால் கேபேஜ் ஹில் என்று ஒரு இறக்கம். ஆறு மைல், 6 சதவீதம், நடுவில் கொண்டை ஊசி போல மடங்குகிற வளைவுகள். மேலே லாரிகளுக்கு எடைவாரியாக வேகம் போட்டு எச்சரிக்கைப் பலகைகள் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கும் அது ஒரு எச்சரிக்கைதான் என்று இந்த முறை படித்தேன். என் தாய்மாமா பர்லியார் வழியாக ஊட்டிக்கு லாரி ஓட்டியவர். ஏறின கியரிலேயே இறங்கு என்பார். அமெரிக்க லாரி ஓட்டுநர் கையேடும் அதையேதான் பழைய விதியாகச் சொல்லி, இன்றைய வண்டிகள் உராய்வு குறைவாக ஓடுவதால் ஏறினதைவிடக் கீழ் கியரே வேண்டியிருக்கும் என்று சேர்த்துக்கொள்கிறது. கிழக்கிலிருந்து வருகிறவர்களுக்கு இந்த மலையில் ஏறின கியர் என்று ஒன்று தெரியாது. அதனால் உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, 40 மைலுக்கு வந்து, மூன்றாம் கியரைப் பிடித்து, சுவிட்சைப் போட்டு, பிறகுதான் இறக்கத்தில் காலை வைத்தேன். வேகம் ஏறிய பிறகு கியரைக் குறைக்கப் பார்த்தால் கியர் பெட்டி கேட்காது, எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக மறுத்துவிடும்.

சீறல் சத்தம் வந்தது. எஞ்சின் 2,400 சுற்றில் நின்றது. எக்ஸாஸ்ட் பிரேக்குக்கு உயிர் சுற்று வேகத்தில்தான் இருக்கிறது. 1,500-க்குக் கீழே அது பெயருக்குத்தான். இத்தனை வருடம் எஞ்சினை அலறவிடக் கூடாது என்று பொத்திப் பொத்தி ஓட்டியவனுக்கு அந்த ஊசி அங்கே நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வரவில்லை. ஆனால் டீசல் போகவில்லை, எஞ்சின் எரிக்கவில்லை, வெறும் காற்றைத் தள்ளுகிறது. அனுமதித்த சுற்றுக்குள் இருக்கும்வரை கவலைப்பட ஒன்றுமில்லை. வண்டி 40-இல் நின்றது. சரிவு கூடிய இடங்களில் மெல்ல 43, 44 என்று ஏறும். அப்போது மட்டும் பிரேக்கை நன்றாக மிதித்து 38-க்குக் கொண்டுவந்து முழுவதும் விட்டுவிடுவேன். கையேட்டில் சொல்கிற முறையும் இதுதான்: பாதுகாப்பான வேகத்தைத் தொட்டதும் அழுத்தமாகப் பிடி, ஐந்து மைல் குறைத்துவிடு, விட்டு ஆறவிடு. லேசாகத் தொடர்ந்து மிதிப்பதுதான் டிரம்மைக் கொளுத்துகிறது. மொத்த இறக்கத்துக்கும் எட்டு முறை மிதித்திருப்பேன். கீழே கோதுமை வயல்கள் மஞ்சளாக விரிந்து கிடந்தன. அந்த மலையில் இருந்து அந்தக் காட்சியைப் பார்க்க முடியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முந்தைய பயணத்தில் சாலையின் வெள்ளைக் கோட்டைத் தவிர எதையும் பார்த்த ஞாபகமில்லை.

கீழே நிறுத்தி, அகச்சிவப்பு வெப்பமானியால் நாலு சக்கரத்தையும் அளந்தேன். முன் டிரம் 70 டிகிரி செல்சியஸ், பின் டிரம் 85. மனைவி குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "ஒண்ணும் வாசனை இல்ல" என்றாள்.

மழையிலும் பனியிலும் சுவிட்சை அணைத்துவிடுகிறேன். இந்தப் பிரேக் பின்சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். வழுக்குகிற சாலையில் பின்சக்கரம் நின்றால் 36 அடி வண்டி குறுக்கே திரும்பிவிடும். அந்த மாதிரி நாளில் மலையே ஏறாமல் ஒரு நாள் தங்கிவிடுவது எங்கள் வீட்டு வழக்கமாகிவிட்டது.

பராமரிப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே மாட்டிக்கொண்டேன். அந்தக் குளிர்காலம் வண்டி ஐந்து மாதம் நின்றிருந்தது. ஏப்ரலில் எடுத்து, போர்ட்லாந்தைத் தாண்டிய முதல் இறக்கத்தில் சுவிட்சைப் போட்டேன். பிடித்தது. அடுத்த ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் வண்டி ஏறவில்லை. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. தகடு மூடியது, திறக்கவில்லை. ஈரத்தில் துருவும் கரியும் சேர்ந்து அதன் அச்சை இறுக்கியிருந்தன. ஓரமாக நிறுத்தி, ஆறவிட்டு, அடியில் படுத்து, சுத்தியலின் மரப்பிடியால் நெம்புகோலைத் தட்டித் தட்டித் திறந்தேன்.

இப்போது மாதம் ஒரு முறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அச்சின் இரண்டு முனையிலும் சூடு தாங்குகிற லூப்ரிகண்ட் இரண்டு சொட்டு விடுகிறேன். சாதாரண கிரீஸோ எண்ணெயோ வேண்டாம், கருகிப் பசையாகிவிடும். வண்டி சும்மா நிற்கிற மாதங்களிலும் எஞ்சினை ஓடவிட்டுக் காற்று ஏறியதும், கம்ப்யூட்டரைத் தாண்டி சொலினாய்டுக்கு நேராக மின்சாரம் கொடுக்கப் பெரியவர் வைத்துக்கொடுத்த ஒரு சின்னப் பொத்தானைப் பத்து முறை அழுத்துகிறேன். மகள் பின்னால் நின்றுகொண்டு, தகட்டின் நெம்புகோல் முழுவதும் போய் முழுவதும் திரும்பி வருகிறதா என்று பார்த்து எண்ணுவாள். பத்து வரவில்லை என்றால் நாங்கள் கிளம்புவதில்லை.